பசிச்சாத்தான் கத்துவான்

காதை ஆடவிடக் கூடாது, அவ்வளவுதான் வேலை. ஒரு கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிற வேலை. பத்தொன்பது வருஷமாகத் தழை வெட்டிச் சுமந்து, சங்கிலி கழுவி, யானை லத்தி அள்ளின நாட்ராயனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று யாராவது கேட்டால், அட போங்கப்பா, உலகத்திலேயே கஷ்டமான வேலை இதுதான் என்று இன்றைக்கு அவன் சத்தியம் பண்ணுவான். குட்டியின் காதுக்குப் பின்னால் நரம்பில் ஊசி ஏறியிருக்கிறது. கொட்டகை விட்டத்தில் கட்டின பாட்டிலிலிருந்து குளுக்கோஸ் சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. ஈ உட்கார்ந்தால் குட்டி காதை வீசும், வீசினால் ஊசி பிடுங்கிக்கொள்ளும். ஏற்கெனவே மூன்று இடத்தில் குத்திப் பார்த்து நாலாவது இடத்தில்தான் நரம்பு கிடைத்தது. "பாட்டில் தீர்ற வரைக்கும் கையை எடுக்காதீங்க நாட்ராயண்ணா" என்று சொல்லிவிட்டு டாக்டரம்மா எதிர் வராந்தாவில் போன் பேசப் போய்விட்டார். எடுக்கவில்லை. காது வெற்றிலை மாதிரி மெலிசாக உள்ளங்கைக்கு அடியில் கிடக்கிறது. சுடவில்லை. அதுதான் பயம். நேற்றுச் சுட்டது, சுட்டபோது காய்ச்சல் என்று பயந்தான், இன்றைக்குச் சுடவில்லை என்று பயப்படுகிறான். பயப்படுகிறவனுக்கு எது நடந்தாலும் பயம்தான். வைக்கோல் மேல் சாக்கு, சாக்கு மேல் குட்டி, பிறந்து ஒன்றரை மாசம் இருக்கும், நின்றால் அவன் இடுப்புக்கு வரும், தலையில் செம்பட்டை முடி நட்டுக்கொண்டு நிற்கும். ஆனால் நிற்கவில்லை, முந்தாநாளிலிருந்து நிற்கவே இல்லை. பின்னால் வால் பக்கம் சாக்கு மறுபடி நனைந்திருக்கிறது, மஞ்சளாக, புளித்த வாடை. பால்பவுடர் ஒத்துக்கொள்ளவில்லை. கஞ்சித்தண்ணி, இளநீர், எல்லாம் பார்த்தாயிற்று, வாய் வழியாகப் போவது வால் வழியாக வந்துவிடுகிறது. தாய்ப்பால் மாதிரி வருமா சாமி, என்று அவன் மனசுக்குள் சொல்லிக்கொண்டு, சொன்னவுடனேயே உதட்டைக் கடித்தான். தாய் என்கிற வார்த்தைப் பக்கமே போகக் கூடாது என்று ஒன்பது நாளாக நினைக்கிறான், ஒன்பது நாளாக அங்கேதான் போய் முட்டுகிறான்.

டீத் தம்ளரோடு ஆறுக்குட்டி வந்து கொட்டகைத் தூணில் சாய்ந்தார். முகாமில் மூத்த பாகன், நாட்ராயன் அவருக்குக் காவடி, அதாவது பாகனுக்குக் கீழே எடுபிடி. பாகன் யானை மேல் உட்காருவார், காவடி யானைக்குக் கீழே நிற்பான். பத்தொன்பது வருஷமும் கீழேதான் நின்றான். முதல் தடவையாக அவன் பொறுப்பு என்று ஒரு உயிரைக் கொடுத்தார்கள், அது இந்தக் குட்டி. "என்றா நாட்ராயா, மூச்சு இருக்குதா?" என்றார் ஆறுக்குட்டி. "இருக்குதுங்ண்ணா." "இருக்கட்டும், இருக்கட்டும். பெத்தவளே வேண்டாம்னு போட்டுப்போட்டுப் போனதுக்கு நாம என்னடா பண்ண முடியும்? அவளும் ஒரு தாயா! நாப்பது அடியில வந்து நின்னு மோந்து பாத்துட்டு, எனக்கென்னன்னு திரும்பிப் போனாளே, அவ விளங்குவாளா?" நாட்ராயன் பாட்டிலையே பார்த்தான். ஆறுக்குட்டி கெட்ட மனுசன் இல்லை, குட்டி வந்த அன்றைக்கு முழங்காலளவு சேற்றில் நின்று கயிறு பிடித்தவர். ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் நாட்ராயன் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. முகாமே அதைத்தான் பேசுகிறது. சமையல் கொட்டகையில் கொள்ளு வேகவைக்கிற பெண்டுகள் பேசுகிறார்கள், ரேஞ்சர் போனில் மேலிடத்துக்குச் சொன்னார், டாக்டரம்மா நோட்டில் எழுதினார்: தாய் ஏற்றுக்கொள்ளவில்லை. இரண்டே வார்த்தை, எழுதி முடித்தாயிற்று, ஒரு யானையின் பேரைக் கெடுத்தாயிற்று. பேரே இல்லாத யானைக்குக் கெட்ட பேரு. அவளுக்கென்ன, அவள் நோட்டையா படிக்கப் போகிறாள், என்று ஒரு மனசு சொல்லும். இன்னொரு மனசு, அட பாவி, என்னும். இரண்டு மனசும் அவனுடையதுதான், இரண்டுக்கும் சோறு போடுகிறவன் அவன்தான். ஆறுக்குட்டி தம்ளரைக் கவிழ்த்து உதறிவிட்டு, தன் யானையைக் குளிப்பாட்ட ஆற்றுக்குப் போனார். கை மரத்துப்போனது. எடுக்கவில்லை.

குட்டி கிடைத்தது தென்னந்தோப்புக் கிணற்றில். மண்ணோடு மண்ணாகச் சுவர் இல்லாத கிணறு, நல்லவேளை தண்ணி முட்டளவுதான். கூட்டம் தோப்பைத் தாண்டும்போது கடைசியில் வந்த குட்டி சரிந்து விழுந்திருக்கிறது. தாய் விடிய விடியக் கிணற்றைச் சுற்றிச் சுற்றி வந்து கரையையே பெயர்த்துப் போட்டிருந்தாள், அந்தக் காலடியை நாட்ராயன் கண்ணால் பார்த்தான். ஜனங்கள் கூடிப் பட்டாசு போட்டு அவளை விரட்டின பிறகுதான் குட்டியை எடுக்க முடிந்தது. இப்படிப்பட்டவளையா எனக்கென்னன்னு போனாள் என்கிறார்கள். இரண்டு நாள் முகாமில் வைத்துத் தேற்றி, மூன்றாம் நாள் திருப்பிச் சேர்க்கிற ஏற்பாடு. வாச்சர்கள் விடியக்காலையிலேயே போய் அந்தக் கூட்டம் போட்ட புது லத்தியைக் கோணிப்பையில் அள்ளி வந்தார்கள். அதைச் சேற்றில் குழைத்துக் குட்டி மேல் தலையிலிருந்து வால் வரைக்கும் பூசினார்கள், மனுச வாடை போகணும் என்று. தூக்குகிற நாலு பேரும் பூசிக்கொண்டார்கள், பேச்சுக் கூடாது, பீடி கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே டாக்டரம்மா ஒன்று சொன்னார். ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்துச் சொன்னார், நாட்ராயன் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்துச் சொன்னார்: "காலையிலேருந்து பால் கிடையாது. பாவமா இருக்கும், எனக்கும்தான் இருக்கு. பசிச்சாத்தான் கத்துவான். கத்தினாத்தான் அவளுக்குக் கேட்கும்." அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது ஊர் அறிந்த சொல்தானே, இதைப் புரிந்துகொள்ள டாக்டருக்குப் படிக்க வேண்டுமா என்ன. புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது. தலையை ஆட்டினவர்களில் முதல் தலை நாட்ராயன் தலை.

தேக்குப் பள்ளத்தில் இறக்கிவிட்டு எல்லோரும் மேட்டுக்கு ஏறிப் போனார்கள். குட்டி இவன் காலையே சுற்றிக்கொண்டு வந்ததால், நிழலில் நிறுத்திவிட்டுக் கடைசியாக நழுவி வருகிற பொறுப்பு இவனுக்கு. அப்போது குட்டி கத்தியது. எப்படிக் கத்தியது! காலையிலிருந்து வெறும் வயிறு, மத்தியானம் தாண்டியாயிற்று, வாயைத் திறந்து, நாக்குச் சிவக்கச் சிவக்க, இவன் முகத்தைப் பார்த்து. அதுதான் வேண்டும், அப்படித்தான் கத்த வேண்டும், அதற்குத்தான் கொண்டுவந்து விட்டது. நாட்ராயா, நடடா, திரும்பிப் பார்க்காமல் நடடா. நடந்தான், நாலு எட்டு. அழுக்குச் சட்டைக்கு உள்ளே வயிற்றோடு வயிறாகப் பால் பாட்டில் கதகதவென்று இருந்தது. ஏன் இருந்தது? திரும்பிக் கூட்டிவர வேண்டி வந்தால் வழியில் கொடுக்கலாம் என்று எடுத்து வைத்தேன் என்று ஒன்பது நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறான். பொய். எடுத்து வைக்கும்போதே கைக்குத் தெரியும். கொடுத்தான். பாட்டிலில் பாதி, பாதி என்று நினைத்தான், குட்டி முக்கால்வாசி இழுத்துவிட்டது. குடித்துவிட்டு உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னால் கால் மடங்கிப் படுத்தது, ஒரு பெருமூச்சு விட்டது, தூங்கிவிட்டது. வயிறு நிறைந்த எந்தப் பிள்ளைதான் தூங்காது?

நாலரை மணிக்குக் கூட்டம் வந்தது, ஏழு உருப்படி. மேட்டிலிருந்து புதர் மறைவு, குட்டி யாருக்கும் தெரியாது. தாய் நின்றாள். துதிக்கையைத் தூக்கினாள், இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள், காற்று எதிர்ப்பக்கம். அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் கொடுத்தாள், மண்ணு அதிர்கிற சத்தம். பதில் வரும் என்று காதை விரித்துக்கொண்டு நின்றாள். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம். டாக்டரம்மா பைனாகுலரை இறக்காமல், "கத்துடா, கத்துடா" என்று முணுமுணுத்தது நாட்ராயனுக்குப் பக்கத்தில் கேட்டது. அவனுக்கு மட்டும் தெரியும், கத்தாது. ஓடிப்போய் எழுப்பியிருக்கலாம். ஒரு கல்லை விட்டெறிந்திருக்கலாம். அப்போதே வாயைத் திறந்து, அம்மா, தூங்குதுங்க, என்று சொல்லியிருக்கலாம். கூட்டத்தின் மூத்தவள் நகர்ந்தாள், மற்றவை நகர்ந்தன, தாய் கடைசியாக, திரும்பித் திரும்பி. ஜீப் சத்தத்தில் விழித்த குட்டி, இவர்கள் போய்ப் பார்க்கும்போது எழுந்து நின்றுகொண்டு இருந்தது. அதனால் யாருக்கும் தெரியவில்லை. "ரிஜெக்ட் பண்ணிட்டா" என்றார் டாக்டரம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. ஆமாங்க என்று சொன்னான் நாட்ராயன். ஆமாங்க! அந்த வாயில் மண்ணை அள்ளிப் போட்டால் என்ன?

ஏன்டா கொடுத்தாய் என்று கேட்டால் அவனுக்குக் காரணம் இருக்கிறது, அதை யாரிடமும் சொல்ல முடியாது. பதினோரு வருஷம் ஆகிறது. பெரிய ஆஸ்பத்திரி, இதே மாதிரி ஒரு பாட்டில், இதே மாதிரி சொட்டு, அது கம்பியில் தொங்கியது, இது விட்டத்தில் தொங்குகிறது. மகள் ருக்குவுக்கு ஆறு வயசு. குடல் முறுக்கிக்கொண்டது, ஆபரேசன், முடிகிற வரைக்கும் ஒரு சொட்டுத் தண்ணிகூடக் கூடாது என்று நர்சம்மா சொன்னார். சரியாகத்தான் சொன்னார், அது யாருடைய தப்பும் இல்லை, அதை நாட்ராயன் நூறு தடவை விசாரித்துத் தெரிந்துகொண்டான். ஆனால் ருக்கு கேட்டாளே. "அப்பா, ஒரே ஒரு மொடக்கு. முழுங்க மாட்டேன், வாயில வெச்சுட்டுத் துப்பிடறேன்." பக்கத்துக் கட்டிலில் யாரோ செம்பிலிருந்து தம்ளரில் ஊற்றின சத்தத்துக்குப் பிள்ளை தலையைத் திருப்பினாள். இவன் சொன்ன பேச்சைக் கேட்கிறவன், அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவன், கொடுக்கவில்லை. கேட்டுக்கொண்டே உள்ளே போனவள் வெளியே வரும்போது கேட்கவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஒரு மாசம் கழித்து, மாராத்தாள் கீரை ஆய்ந்துகொண்டே, அவன் பக்கம் திரும்பாமல், "ஒரு மொடக்குக் குடுத்திருந்தா என்னவாம்" என்றாள். அவ்வளவுதான், அதற்கப்புறம் பெண்டாட்டி அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதில்லை, இத்தனை வருஷமாகச் சோறு போடுகிறாள், காய்ச்சல் வந்தால் கஷாயம் வைக்கிறாள். பேசியிருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். அன்றைக்குப் பேச்சைக் கேட்டான், ஒன்று போயிற்று. இன்றைக்குப் பேச்சைக் கேட்கவில்லை, இதுவும் போகப் பார்க்கிறது. அப்போ எதைத்தான் செய்வது, யாராவது சொல்லுங்களேன். யானைக்குட்டியும் பிள்ளையும் ஒன்றா என்றால் ஒன்றில்லை, அது அவனுக்குத் தெரியாதா. ஆனால் வாயைத் திறந்து முகத்தைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான்.

பாட்டில் பாதிக்கு வந்திருக்கிறது. குட்டி ஒரு கண்ணைத் திறந்து மூடியது, இமை மயிரில் பீளை. சொல்லிவிடலாம் என்று முதல் நாளே நினைத்தான், அன்றைக்கு டாக்டரம்மா சாப்பிடாமல் இருந்தார், பாவம், நாளைக்குச் சொல்வோம். இரண்டாம் நாள் ரேஞ்சர் இருந்தார், அவர் முன்னால் எப்படி. மூன்றாம் நாள் குட்டி நன்றாகப் பால் குடித்து, இவன் பின்னாலேயே ஓடி, லுங்கியை இழுத்து விளையாடியது, அட, இங்கேயே வளரட்டுமே, முகாம் யானையெல்லாம் வாழவில்லையா, என்று தோன்றிவிட்டது. மெய்யாகவே தோன்றியது. அதைவிடக் கேவலம், சந்தோஷமாக இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் தன் பின்னால் ஓடிவருகிற ஒரு யானை. நாலாம் நாள் கழிச்சல் பிடித்தது. அதற்கப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்வது கஷ்டமாகிக்கொண்டே போனது, நேற்றே ஏன் சொல்லவில்லை என்கிற கேள்வியும் சேர்ந்துகொள்ளுமே. வேலை போய்விடும் என்றா பயம்? போகட்டும், தழை வெட்டுகிற கைக்கு எங்கேயும் வேலை உண்டு. டாக்டரம்மா பார்ப்பாரே ஒரு பார்வை, அதுதான். மாராத்தாள் கீரையைப் பார்த்துக்கொண்டு சொன்ன மாதிரி, இவரும் எதையாவது பார்த்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதையும் சேர்த்து எங்கே கொண்டுபோய் வைப்பது.

வராந்தாவில் செருப்புச் சத்தம். வாச்சர் சிங்காரம் மேலேயிருந்து இறங்கி வந்து டாக்டரம்மாவிடம் பேசுவது தெளிவாகக் கேட்டது, அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது. "தேக்குப் பள்ளத்துல ஒரு பொட்டை தனியா நிக்குதுங்கம்மா. மூணு நாளா வருது. கூட்டம் மேல போயிருச்சு, இது மட்டும் கீழ இறங்கி வந்து அதே உண்ணிப்புதருகிட்ட நிக்குது. நேத்து சாயங்காலம் வந்தது இன்னும் போகல. முன்னங்காலுக்கு நடுவுல மடி ரெண்டும் கட்டிக்கிட்டுக் கெடக்குதுங்க, பால் தானா ஒழுகுது, நெஞ்செல்லாம் ஈரம், நானே பாத்தேன்." டாக்டரம்மா கேட்டார்: "அந்தத் தாய்தானா?" "காது ஓரம் கிழிஞ்சிருக்குமுங்களே, அதேதான்." "அப்படின்னா ஏன் அன்னிக்கு விட்டுட்டுப் போனா?" என்று டாக்டரம்மா தனக்குள் கேட்கிற மாதிரி கேட்டார். "ஒரு தடவை வேண்டாம்னு போனவ. இந்த நிலைமையில மறுபடி கொண்டுபோய்க் காட்டி, மறுபடி தள்ளிட்டான்னா? வேண்டாம், சிங்காரம்."

நாட்ராயனுக்குக் காதில் வேறெதுவும் விழவில்லை. பால் தானாக ஒழுகுகிறது. இங்கே குட்டிக்கு வயிற்றில் எதுவும் தங்கவில்லை, அங்கே நாலு கிலோமீட்டரில் பால் மண்ணில் ஒழுகுகிறது, நடுவில் உட்கார்ந்திருக்கிறது ஒரு முண்டம், ஒரு கையால் காதைப் பிடித்துக்கொண்டு, வாயைப் பொத்திக்கொண்டு. "டாக்டரம்மா" என்றான். அவருக்குக் கேட்கவில்லை. காறிவிட்டு மறுபடி கூப்பிட்டான், கத்தியே கூப்பிட்டான். ஊசி பிடுங்கிக்கொண்டதோ என்று டாக்டரம்மா ஓடி வந்தார். "அவ தள்ளலீங்க. அவ மேல ஒரு தப்பும் இல்லீங்க. நான் பால் குடுத்துட்டேனுங்க." "என்ன பால்? எப்போ?" "அன்னிக்கு. பள்ளத்துல. எல்லாரும் மேல போனதுக்கப்புறம். குடிச்சுட்டுத் தூங்கிடுச்சுங்க. அவ கூப்பிட்டப்போ இது தூங்கிட்டிருந்துச்சுங்க. எனக்குத் தெரியுமுங்க. தெரிஞ்சுதான் நின்னுட்டிருந்தேன்." சொல்லிவிட்டான். ஒன்பது நாள் பாரம், இறங்கினால் லேசாகும் என்பார்கள், ஒன்றும் லேசாகவில்லை.

டாக்டரம்மா அவனைப் பார்க்கவில்லை. குனிந்து குட்டியின் ஈறை விரலால் அழுத்தினார், வெளுத்திருந்தது, மார்பில் குழாயை வைத்துக் கேட்டார், நேரம் எடுத்துக்கொண்டு கேட்டார். அப்புறம் குட்டியிடம் சொல்கிற மாதிரி சொன்னார்: "ஆறு நாளைக்கு முன்னாடி ஓடிட்டிருந்தான்." அதுதான் அந்த ஒரு வார்த்தை. நாட்ராயன் வாங்கிக்கொண்டான். "வண்டியில ஏத்தினா வழியிலேயே உயிர் போயிடலாம்" என்றார் டாக்டரம்மா, இப்போது நிமிர்ந்து. "இங்கேயே இருந்தா இன்னிக்கு ராத்திரியைத் தாண்ட மாட்டான். சிங்காரம், அவ லத்தி புதுசா கிடைக்குமா?" "அள்ளின பையோடதான் வந்திருக்கேனுங்கம்மா, கேப்பீங்கன்னு." "ஆறுக்குட்டியைக் கூப்பிடு. பாட்டில் தீர்ந்ததும் கிளம்பலாம்." நாட்ராயன் எழப் பார்த்தான். "நீங்க வரக் கூடாது" என்றார் டாக்டரம்மா. கோபம் இல்லை, அது இன்னும் மோசம். "உங்க வாடை அங்கே இருந்தா உங்களைத்தான் தேடுவான்." "வரலீங்க." "கையை எடுங்க, நான் பிடிச்சுக்கறேன்." எடுத்தான். ஒன்றரை மணி நேரம் இருந்த இடத்திலிருந்து எடுத்த கை, தன் கை மாதிரியே இல்லை. டாக்டரம்மா கை உறை மாட்டிக்கொண்டு காதைப் பிடித்தார். கடைசிச் சொட்டு இறங்கினதும் ஊசியைக் கழற்றினார். சிங்காரமும் ஆறுக்குட்டியும் சேற்றையும் லத்தியையும் குழைத்துப் பூசினார்கள், ஆறுக்குட்டிக்கு யாரோ எல்லாம் சொல்லிவிட்டார்கள் போல, நாட்ராயன் பக்கம் திரும்பாமலே பூசினார். சாக்கோடு தூக்கி வண்டியில் வைக்கோல் மேல் கிடத்தினார்கள்.

வண்டி உறுமினபோது குட்டி துதிக்கையை எடுத்துச் சாக்கில் தடவியது. இந்தப் பக்கம் தடவியது, அந்தப் பக்கம் தடவியது, பழகின கை எங்கேயும் இல்லை. தலையைத் தூக்கப் பார்த்து விழுந்தது. அப்புறம் வாயைத் திறந்து கத்தியது. மூன்று நாளாகச் சத்தமே இல்லாத வாய். முதலில் கீச்சென்று, காற்று போகிற மாதிரி, அடுத்தது நன்றாகவே. "கத்துறான்!" என்றார் ஆறுக்குட்டி. "அம்மா, கத்துறான் பாருங்க!" "போங்க, போங்க, சீக்கிரம்" என்று டாக்டரம்மா ஏறிக்கொண்டு வண்டிப் பக்கத்தைத் தட்டினார், அவர் முகத்தில் அழுகையும் சிரிப்பும் கலந்து வந்தது. வண்டி நகர்ந்தது. குட்டி இவனைத்தான் கூப்பிட்டது, அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை. ஒரு சொல் போதும், எப்போதும் போல சாமி என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டால் போதும், அடங்கிவிடும், நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்ளும். சொல் தொண்டைக்கு வந்துவிட்டது. நாட்ராயன் தோள் துண்டைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டு, கொட்டகைத் தூணை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டான். கத்து, கத்து, விடாதே, என்னைத் தேடினால் என்ன, அவளுக்குக் கேட்டால் சரி, போய்ச் சேருகிற வரைக்கும் கத்து. வண்டி வளைவு திரும்பி மறைந்தது, சத்தம் மட்டும் மேலே மேலே ஏறிப் போனது. அது கேட்கிற வரைக்கும் அவன் துண்டை எடுக்கவில்லை, அதற்கப்புறமும் வெகுநேரம் எடுக்கவில்லை.